ஆறு மாதத்துக்கு ஒரு கேள்வி

அத்தியாயம் 11

கொழும்பு இலக்கத்திலிருந்து வந்த அந்த அழைப்பைப் பற்றி நிவேதிகா வீட்டில் மூச்சு விடவில்லை. அது வந்தது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன். இரண்டு நாளும் வழக்கம்போல இடியப்பம் சாப்பிட்டு, வழக்கம்போல ‘போட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறி வேலைக்குப் போனாள்.

“எலும்புக் கிளினிக்கில இருந்து றிஷானா கதைக்கிறன். வியாழக்கிழமை திருகோணமலைக்கு வாறன், உங்களை நேர பாக்கணும்” என்று ஒரு பெண் குரல் சொன்னதைப் போன அத்தியாயத்தில் கேட்டோம். அந்தப் பக்கம் வைத்த பிறகும் நிவேதிகா கடை ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கிளினிக்கிலிருந்து ஐந்து வருடமாக ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நிவேதிகாவுக்கு இருபத்தொன்பது வயது. பிறக்கும்போதே எலும்பு உரமில்லாமல் பிறந்தவள். பத்தாயிரத்தில் ஒருவருக்குக் கூட வராத நோய் என்று டொக்டர்மார் சொன்னார்கள். பதினான்கு வயதுக்குள் பதினொரு முறிவு. ஒரு தடவை தும்மியதில் விலா எலும்பு போனது. பதினைந்தாவது வயதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய், மூன்று நாள் வார்டில் கிடந்து மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பது வருடம். மருந்து வேலை செய்தது. முறிவு நின்றது. அவள் நடந்தாள்.

கடைசித் தடவை பெரிய டொக்டர் கட்டிலருகே வந்து சொன்னதை அவள் அப்படியே ஒப்பிப்பாள். இந்த மருந்து எலும்புக்குள் கன காலம் கிடக்கும். மிக அரிதாக, நெடுநாள் மருந்து எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பில் மெல்லிய வெடிப்பு வரும். வருவதற்கு முன் மந்தமாக ஒரு நோவு காட்டும். அதை விட்டால் ஒரு நாள் சும்மா நிற்கும்போதே எலும்பு இரண்டாகப் போகும். ஆகவே இன்னும் ஐந்து வருடத்துக்கு நாங்கள் உங்களை விடமாட்டோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்போம் என்றார். ‘நாங்கள் விடமாட்டோம்’ என்ற அந்தச் சொல்லை அவள் ஏதோ சீதனம் போலக் கொண்டுவந்தாள்.

அதற்குள் கொரோனா வந்தது. கிளினிக்குக்கு வரவேண்டாம், தொலைபேசியில் கேட்கிறோம் என்றார்கள். அவளிடம் அப்போது தொலைபேசி இல்லை. படிவத்தில் அண்ணன் துவாரகனின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள். பிறகு எவரும் கேட்கவில்லை. ஒரு தடவை இவளே கிளினிக்கின் பழைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சரி, மறந்துவிட்டார்கள் என்று வைத்துவிட்டாள்.

மறந்துவிட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. திகதி, எந்த இடம், எவ்வளவு நேரம். கேட்டால் சொல்வதற்கு. போன புரட்டாதியிலிருந்து அதில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது: வலது தொடை.

*

வீடு பாலையூற்றில். அதில் மூன்று பேர். துவாரகன், அவன் மனைவி சுலோஜனா, நிவேதிகா. அம்மா இறந்து ஐந்தாவது வருடம் நடக்கிறது.

துவாரகன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகளுக்கு எஞ்சின் வேலை செய்கிறவன். விடியப் போனால் பொழுதுபட வருவான். தங்கையை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டான். கூட்டுமாறைத் தொட்டால் சத்தம் போடுவான். அவள் நடந்து போகும்போது பின்னால் கண்ணாடிச் சாமான் போவதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். இவ்வளவு கவனம் இருக்கிற வீட்டில் தொடை நோகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கே வேலையும் இல்லை, வெளி வாசலும் இல்லை.

அண்ணியிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சுலோஜனா தம்பலகாமத்துப் பெண். வந்து ஆறு வருடம். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கு வாய் திறக்கமாட்டாள். கல்லுப் பிள்ளையார் என்று நிவேதிகா மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டித் தந்தால் என்ன? இல்லை. ஒவ்வொரு நாளும் பஸ் பிடித்து ஒரு மணிக்குத் தானே கொண்டுவருவாள். நிவேதிகா சாப்பிட்டு முடியும்வரை கடை வாங்குப் பலகையில் இருப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு போவாள். தன் கழுத்தில் விழுந்த சுமையைக் கணக்காகப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்றுதான் நிவேதிகா நினைத்தாள்.

“இண்டைக்கு வெள்ளன வருவியோ?” என்று இன்று காலை சுலோஜனா கேட்டாள்.

“ஏன் அண்ணி?”

“சும்மா கேட்டனான்.”

அதோடு கதை முடிந்தது. நிவேதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அண்ணி குசினிக்குள் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் வலது காலை ஊன்றினாள்.

*

அவள் வேலை செய்யும் கொமியூனிகேஷன் கடை உட்துறைமுக வீதியில் இருக்கிறது. போட்டோக் கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படிவம், பாஸ்போர்ட் படிவம். முதலாளி கனகசுந்தரம் காலையில் திறந்துவிட்டுப் போனால் பின்னேரம்தான் தலை காட்டுவார். கச்சான் காற்று அடிக்கிற வைகாசி. கதவைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் ஆள் வேகும். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை விரட்ட எவருக்கும் மனம் வருவதில்லை.

பத்தரை மணிக்கு றிஷானா வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைக்கு மெல்லிய நீல முக்காடு, தோளில் கனமான பை. மூன்று படியையும் ஏறிவிட்டு மூச்சு வாங்கினாள்.

“எழும்ப வேணாம், இருங்க” என்றாள். பிறகு வெளியே திரும்பிப் பார்த்தாள். “ஸ்கூட்டி எங்க? காணல்லயே.”

“என்ன ஸ்கூட்டி?”

“நீங்க ஓடுற ஸ்கூட்டி. நீலக் கலர் எண்டு உங்கட அண்ணன் சொன்னாரு.”

நிவேதிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் மாறி வந்துவிட்டாளோ என்று நினைத்தாள். ஆனால் றிஷானா பையிலிருந்து எடுத்த கோவையின் மேல் அவளுடைய முழுப்பெயரும் இருந்தது. பிறந்த திகதியும் சரி.

“அண்ணாவோட எப்ப கதைச்சனீங்கள்?”

“போன கார்த்திகையில. அதுக்கு முதல் வைகாசியில. ஆறு மாசத்துக்கு ஒருக்கா தவறாம எடுக்கிறமே.” றிஷானா தாள்களைப் புரட்டினாள். “ஒம்பது தரம் கேட்டாச்சு. அனேகமா அண்ணன்தான் எடுப்பாரு. இந்த முறை அவர்ட போன் வேலை செய்யல்ல. அதான் தேடிப் பிடிச்சு இந்தக் கடை நம்பரை எடுத்தன். நான் கிண்ணியாதானே. லீவுக்கு வாறதால நேராவே பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்.”

துவாரகனின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை படகின் அடித்தண்ணீருக்குள் விழுந்தது நிவேதிகாவுக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது.

ஒன்பது தரம். மறந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்த நாலரை வருடமும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

“என்ன சொல்லியிருக்கு அதில?” என்று கேட்டாள்.

றிஷானா சிரித்துக்கொண்டு வாசித்தாள். நடை நல்லது, பிடிக்காமல் நடக்கிறா. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்குகிறா. சிநேகிதிகளோடு நிலாவெளிக் கடலுக்குப் போகிறா. வீட்டில் சமைக்கிறா, இறால் கறி நன்றாக வைப்பா. ஸ்கூட்டி பழகி ஓடுகிறா. முறிவு இல்லை. விழவில்லை. தொடையில் நோ இல்லை. தொடையில் நோ இல்லை. தொடையில் நோ இல்லை.

நிவேதிகாவுக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. அந்தத் தாள்களில் இருந்த நிவேதிகாவின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள். இவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ரீலோட் வாங்க ஆட்கள் கூட வருகிற நாள், அவ்வளவுதான். கோணேசர் கோயிலுக்கு அவள் போய்ப் பதினொரு வருடம். அதுவும் அண்ணன் தூக்கிக்கொண்டு போனது.

“நாடு முழுக்க இந்தக் கண்காணிப்பில பன்னிரண்டு பேர்தான். உங்களைத்தான் எங்கட டொக்டர் எல்லாருக்கும் சொல்லுவாரு, திருகோணமலைப் புள்ளயப் பாருங்க எண்டு” என்றாள் றிஷானா. “இது பத்தாவது, கடைசி. இண்டைக்கும் எல்லாம் நல்லம் எண்டா, முடிஞ்சுது எண்டு எழுதி மூடிருவம். பிறகு உங்களுக்குக் கோல் ஒண்டும் வராது.”

பேனையைத் திறந்தாள். “தொடையில நோ இருக்கா?”

ஐந்து வருடமாக அவள் காத்திருந்த கேள்வி. பதிலும் அவளிடம் இருந்தது, திகதி வாரியாக. ஆனால் ஓம் என்று சொன்னால் இத்தனை வருடம் அண்ணா சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். இல்லை என்று சொன்னால் கோவை மூடப்படும். நோவு அவளோடு நிற்கும், கேட்க எவரும் இருக்கமாட்டார்கள்.

“மிஸ், எனக்கு ஒரு ஒண்டரை மணித்தியாலம் தருவீங்களோ? ஒரு இடத்துக்குப் போட்டு வந்து சொல்லுறன்.”

றிஷானா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை, ஓம் இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டிய கேள்விக்கு யாராவது தவணை கேட்பார்களா? அவள் பேனையை மூடினாள்.

“போய்ட்டு வாங்க. நான் கடையைப் பாக்கிறன். உம்மா பின்னேரம்தான் தேடுவா.”

*

கொட்பேயில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஐஸ் ஏற்றுகிற லொறி இரைந்தது. மீன் செதிலும் டீசலும் கலந்து தரையெல்லாம் வழுக்கியது. நிவேதிகா ஓட்டோவிலிருந்து இறங்கி ஒரு இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் நடக்கப் பயமாக இருந்தது.

யாரோ சொல்லி, துவாரகன் ஒரு படகின் எஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டினான். தங்கையைக் கண்டதும் பாய்ந்து வந்தான்.

“நீ ஏன் இஞ்ச வந்தனி? விழுந்தா என்ன செய்வாய்?”

“கிளினிக்கில இருந்து றிஷானா மிஸ் வந்திருக்கிறா. கடையில இருக்கிறா.”

அவன் முகத்தில் கிறீஸ் பூசியிருந்தது. அதற்குக் கீழே நிறம் மாறியதை அவள் கண்டாள்.

“என்ன கேட்டவ?”

“ஸ்கூட்டி எங்க எண்டு கேட்டவ.”

அவன் கை துடைக்கிற துணியை எடுத்து விரல் விரலாகத் துடைக்கத் தொடங்கினான். நெடுநேரம் துடைத்தான்.

“முதல் கோல் வந்தது அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு அண்டைக்கு” என்றான். “கொரோனா. ஒரு சனம் வரேல்லை. நீ மூலையில சுருண்டு கிடந்தனி. அந்த நேரத்தில உன்னட்டப் போனைத் தந்து, எலும்பு நோகுதோ எண்டு கேக்க விடுறதோ? நல்லா இருக்கிறா எண்டு சொல்லி வைச்சன். அவ்வளவுதான் நினைச்சனான்.”

“பிறகு?”

“பிறகு ஆறு மாசத்தில எடுத்தவ. போன முறை மாதிரித்தானோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். அதுக்கு அவ சொன்னா, எங்கட பேஷண்டுகளுக்குள்ள உங்கட தங்கச்சிதான் நல்லா இருக்கிறா எண்டு.” அவன் தலையை நிமிர்த்தவில்லை. “நிவே, நீ பிறந்ததில இருந்து உன்னைப் பற்றி ஒரு டொக்டரும் எங்களுக்கு நல்ல சேதி சொன்னதில்லை. எனக்கு அதைக் கேக்க ஆசையா இருந்தது. பிறகு பிறகு நானே காத்துக்கொண்டிருப்பன், எப்ப எடுப்பினம் எண்டு.”

“கோயில்? கடல்? ஸ்கூட்டி?”

“வேற என்ன செய்யிறா எண்டு கேப்பா. சும்மா இருக்கிறா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

அவளுக்குக் கோபம் வந்தது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அழக்கூடாது என்று தூணை இறுக்கிப் பிடித்தாள்.

“எனக்கு எட்டு மாசமா வலது தொடை நோகுது, அண்ணா.”

ஐஸ் லொறி இரைச்சல் நின்றிருந்தது. அவள் சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

“ஏன் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டது?” என்றாள். “கேட்டவைக்கு நீங்கள் பதில் சொல்லிப்போட்டீங்கள்.”

துவாரகன் அப்படியே வலைக் குவியலின் மேல் இருந்துவிட்டான். பெரிய உடம்புக்காரன். இரண்டு பேர் தூக்குகிற எஞ்சினைத் தனியே தூக்கி வைப்பான் என்று கொட்பேயில் பெயர். அவன் தலை குனிந்திருந்ததை நிவேதிகா அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு இன்றுதான் கண்டாள்.

“இப்ப போய் நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லப்போறியோ?”

“ஓம்.”

கையிலிருந்த துணியை வலைக் குவியலில் போட்டான். பிறகு எழும்பினான். “நானும் வாறன். நானே சொல்லுறன்.”

ஓட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தார்கள். குழியில் விழும்போதெல்லாம் அவன் கை தன்னையறியாமல் அவள் முழங்காலைப் பிடிக்க வந்தது. வந்து, தொடாமல் திரும்பியது. அவள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

துவாரகன் சொல்லி முடித்தபோது றிஷானா சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி முக்காட்டுத் தலைப்பால் துடைத்தாள்.

“ஒவ்வொரு முறையும் ஆளைக் குடுங்க எண்டு நான் கேட்டிருக்க வேணும்” என்றாள். “நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொன்னீங்க, நான் அதைக் கேட்டுட்டு வெச்சிட்டன். அது என்ட பிழை.”

கோவையைத் திறந்து எட்டுத் தாள்களில் குறுக்கே கோடு போட்டு, ‘உறவினர் சொன்னது’ என்று எழுதினாள். ஒரு தாளை மட்டும் கோடு போடாமல் அடியில் வைத்தாள். அதை அப்போது நிவேதிகா பெரிதாக எடுக்கவில்லை. றிஷானா புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

“முதல்ல இருந்து கேக்கிறன். நீங்கதான் சொல்லணும்.” பிறகு துவாரகனைப் பார்த்தாள். “நீங்க இருங்க. ஆனா கதைக்க வேணாம்.”

“படி ஏறுறீங்களா?”

“மூண்டு படி. கடைப் படி.”

“வெளிய போறீங்களா, கோயில், கடல், சொந்தக்காரர் வீடு?”

“இல்லை.”

“வீட்டு வேலை?”

“செய்ய விடுறேல்லை.”

“ஸ்கூட்டி?”

“இல்லை, மிஸ்.”

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் துவாரகன் கதிரையில் ஒரு தடவை அசைந்தான். அவன் நாலரை வருடமாகக் கட்டி எழுப்பிய தங்கை அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் மிஞ்சியது இங்கே இருக்கிற இவள்தான்.

“தொடையில நோ?”

“ஓம். வலது. புரட்டாதி ஒன்பதாம் திகதியில இருந்து.”

கொப்பியை எடுத்து நீட்டினாள். றிஷானா பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு எப்போதோ போயிருந்தது. எழும்பி வந்து நிவேதிகாவின் தொடையின் வெளிப்பக்கத்தில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் நிவேதிகா கதிரைக் கையை எட்டிப் பிடித்தாள்.

“இதுதானா?”

“ஓம்.”

“இனி இந்தக் கால ஊண்ட வேணாம். ஒரு அடி கூட வேணாம். நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரியில எக்ஸ்ரே படம் எடுப்பம், நானும் வந்து நிக்கிறன். டொக்டரோட இப்பவே கதைக்கிறன்.”

கதைக்க வேண்டாம் என்றதை மறந்து துவாரகன் கேட்டான். “கார்த்திகையில நீங்கள் எடுக்கேக்கை இது தொடங்கி ரெண்டு மாசம். அப்ப நான் சொல்லியிருந்தால்?”

றிஷானா பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. “அப்பவே படம் எடுத்துப் பாத்திருப்பம். வெடிப்பு சின்னதா இருந்தா ஓய்வோட ஆறவும் இடமிருந்தது. இப்ப எந்த அளவில இருக்கு எண்டு படத்தைப் பாத்துத்தான் சொல்ல ஏலும். கம்பி வைக்கிற ஒப்பரேஷன் தேவைப்படலாம். தேவைப்படாமலும் போகலாம்.”

அவன் எழும்பி வெளியே போனான். வாசலில் மானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது தெருவில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். நிவேதிகா அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

டொக்டரோடு றிஷானா ஒரு மூலையில் நின்று சிங்களத்தில் கதைத்தாள். கதைத்து முடிந்து வந்து இருக்க மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி” என்றாள். தாளைப் பார்த்து வாசித்தாள். “போன ஒரு மாசத்துக்குள்ள, மனசு விட்டுக் கதைக்க ஆளில்லாமத் தனிச்சுப்போனன் எண்டு நினைச்சிருக்கீங்களா? இல்லை, சில நாள், அனேகமான நாள், ஒவ்வொரு நாளும். நாலுல ஒண்டைச் சொல்லணும்.”

நிவேதிகா வாயைத் திறக்கும் முன் றிஷானா கையை உயர்த்தினாள்.

“இதுக்கு மட்டும் உங்கட பதிலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கன். நிவேதிகா, நான் இண்டைக்குச் சும்மா வரல்ல. லீவு எண்டது சாட்டு. இந்தப் பதிலுக்காகத்தான் வந்தன்.”

கோடு போடாமல் வைத்த அந்த ஒற்றைத் தாளை மேலே எடுத்தாள்.

“ஏழாவது தரம். ஒண்டரை வருசத்துக்கு முதல், கார்த்திகை மாசம். அண்டைக்கு அண்ணன் எடுக்கல்ல. நீங்களே எடுத்தீங்க. அண்ணன் போனை வீட்டில விட்டுட்டுப் போயிட்டாரு, நான்தான் நிவேதிகா எண்டு சொன்னீங்க. நடை நல்லம், நோ இல்லை, எல்லாம் நல்லம் எண்டீங்க. கடைசியா இந்தக் கேள்வியைக் கேட்டன்.”

தாளைத் திருப்பிக் காட்டினாள். நாலு கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் பேனை இரண்டு தடவை அழுத்திக் கோடு போட்டிருந்தது. ‘ஒவ்வொரு நாளும்.’

“சொல்லிட்டு அழுதீங்க. கன நேரம். எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியல்ல, போனைப் பிடிச்சிட்டே இருந்தன். இப்ப மனசு லேசாயிருக்கு எண்டு நீங்களே நன்றி சொல்லி வெச்சீங்க. அதுக்குப் பிறகு ரெண்டு தரமும் அண்ணன் எடுத்து எல்லாம் நல்லம் எண்டாரு. எனக்கு மனசு ஒப்பல்ல. மறந்திட்டீங்களா?”

நிவேதிகா மறக்கவில்லை. அவளுக்கு அப்படியொரு அழைப்பே வரவில்லை. அந்தக் கார்த்திகையில் அவள் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இந்தக் கடையில் இருந்தாள். அந்த வீட்டில் பகலில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

மற்றதற்கெல்லாம் புருஷனின் பொய் பிடிபடாமல் இருக்க, அவன் சொல்லி வந்ததையே அண்ணியும் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாருடைய பதிலைச் சொல்வது என்று அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. ஆறு வருடத்தில் அவளிடம் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து அந்த வாங்கில் இருந்ததும் சுமையைப் பார்க்க இல்லை, ஒரு மனிதருக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருக்கத்தான். அது தெரிந்ததும் நிவேதிகாவுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைக் கேட்க ஆளில்லை என்று எட்டு மாதம் எழுதி எழுதி வைத்தவள், பக்கத்து அறையில் இருந்தவளை ஒரு நாள் கூடக் கேட்கவில்லை.

றிஷானா அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். “அப்ப இதுவும் நீங்க இல்லையா?” என்றாள் மெதுவாக. பேனையைத் திறந்தாள். “இதையும் வெட்டவா?”

நிவேதிகா வாசலைப் பார்த்தாள். கீழ்ப் படியில், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, உள்ளே வராமல் சுலோஜனா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எவ்வளவு கேட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“வெட்டாதேங்கோ, மிஸ்” என்றாள் நிவேதிகா. “இந்த ஒன்பதுக்குள்ள அது ஒண்டுதான் பொய்யில்லாதது.”